எந்தச் சாவி?

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, பெரியவன், சின்னவள். இன்னொருத்தியையும் சேர்க்க வேண்டும். அவள் சின்னவளின் போனுக்குள் இருந்தாள். மழைக்குருவி என்பது அவள் ஆப் கடையில் விமர்சனம் எழுத வைத்துக்கொண்ட பெயர். முகம் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு அந்த வீட்டில் அதிகம் பேசியது அவள்தான்.

அப்பாவைத் தெருவே கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. மற்றதெல்லாம் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஆட்களின் பெயர்கள் போயின, பிறகு கிழமைகள், பிறகு வீடு திரும்பும் வழி. வெளியே கிளம்புகிற பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு நாள் பெரியவன் கதவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பா உள்ளே நின்று கதவை இடித்து இடித்து இரண்டு கையும் வீங்கிப்போயின. அன்றைக்கு அம்மா அந்தச் சாவியைப் பிடுங்கி எங்கேயோ ஒளித்தாள். "இந்த வீட்டுல இனிமே யாரும் யாரையும் பூட்டி வெக்கக் கூடாது" என்றாள். சின்னவள் 'வாசல்மணி' எழுத உட்கார்ந்தது அன்று சாயங்காலம்தான்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. மீந்த நேரத்தில் ஆப் எழுதுவாள். காயப்போட்ட துணியை எடுக்கச் சொல்லும் ஆப் ஒன்று, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் ஆப் ஒன்று. இரண்டையும் சொந்தக்காரர்கள் மரியாதைக்கு இறக்கி, மரியாதை தீர்ந்ததும் அழித்தார்கள். வாசல்மணியைத்தான் முன்பின் தெரியாதவர்கள் வைத்துக்கொண்டார்கள். பெரியவர் வாசலைத் தாண்டினால் அவர் பையில் இருக்கும் போன் வீட்டார் போனுக்குச் சேதி அனுப்பும், மணி அடிக்கும். நடுவில் யாரும் கிடையாது. யார் பயன்படுத்துகிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்ற எந்த விவரமும் சின்னவளிடம் தங்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

போன வாரம் போன்களுக்கெல்லாம் புதிய மென்பொருள் வந்து இறங்கியது. வாசல்மணி வாயை மூடிக்கொண்டது. பேக்கரிக்காரம்மா அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டபோது, சின்னவளின் போனில் பச்சை எழுத்தில் 'வீட்டில்' என்று இருந்தது. வெளியே போனதாகச் சேதி வராவிட்டால் உள்ளேதான் இருக்கிறார் என்று அர்த்தம். அப்படி எழுதியவள் அவள்தான்.

கண்ணாடிக் கடைக்கு விடுமுறை என்பதால் இன்று காலையிலேயே உட்கார்ந்து தவறைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரே ஒரு வரி. "அடச்சீ, இவ்வளவுதானா?" என்று வாய்விட்டுச் சொன்னாள். வரியை மாற்றினாள். ஆப் கடைக்கு அனுப்புவதற்கு முன், எழுதியவர் நாம்தான் என்பதற்கு முத்திரை வைக்க வேண்டும். முதன்முதலில் எந்தச் சாவியால் முத்திரை வைத்தோமோ அதே சாவியால்தான் ஒவ்வொரு முறையும் வைக்க வேண்டும். சாவி என்பது ஒரு சின்னக் கோப்பு. வேறு எதை வைத்தாலும் கடை வாங்காது, போனும் ஏற்காது.

அந்தக் கோப்பு இல்லை.

பெரியவன் வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, என் லேப்டாப்பைக் கடையில குடுத்து சுத்தம் பண்ணிட்டு வந்தியே, அதுல இருந்ததெல்லாம் எடுத்து வெச்சேன்னு சொன்னேல்ல?"

"ஒண்ணு விடல. நானே உக்காந்து எடுத்தேன். நீ மொட்டை போட்ட போட்டோவைக்கூட எடுத்து வெச்சிருக்கேன்."

"ஒரு ஃபோல்டர் இல்லண்ணா."

"பேர் சொல்லு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "குப்பை."

"என்ன குப்பை?"

"பேரே அதான். குப்பைன்னு ஒரு ஃபோல்டர்."

பெரியவன் டம்ளரைக் கீழே வைத்தான். "இருந்துச்சு. பாத்தேன்."

"எடுத்து வெச்சியா?"

"குப்பைன்னு எழுதியிருக்கிறதை எவனாவது எடுத்து வெப்பானா?"

"அதுக்குத்தானே அந்தப் பேர் வெச்சேன்! எவனாவது திருட வந்தா அதைத் தொட மாட்டான்னு."

"திருடன் தொடலடி. நான்தான் தொட்டேன்."

அவனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திட்ட எதுவும் கிடைக்கவில்லை. லேப்டாப் ஆமையாக நகர்கிறது என்று அவள் புலம்பியதைக் கேட்டு, அவளிடம் சொல்லாமலே எடுத்துப் போய், சுத்தம் பண்ணி, புதுப் பையில் போட்டுக் கொண்டுவந்து பிறந்தநாளுக்குக் கொடுத்தவன். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டு ஆற்றிக்கொள்ளலாம்.

"வேற காப்பி இல்லையா?"

"அதை வேற எங்கயும் வெக்கக் கூடாதுன்னு நெட்டுல எல்லாரும் எழுதியிருந்தாங்க. வெக்கல."

"நல்லாக் கேட்டே போ, எல்லாரையும்."

அம்மா ஈரக் கையோடு வந்தாள். "என்னடி தொலைச்சே?"

"சாவிம்மா."

"எந்தச் சாவி?"

"ஆப்போட சாவி."

"அதுக்கென்ன பீரோவா, சாவி போட?" என்றாள் அம்மா. ஆனால் சாவி என்ற சொல் காதில் விழுந்தபின் அவளால் சும்மா இருக்க முடியாது. அந்த வீட்டில் தொலைகிற எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது அவள்தான். சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். மெத்தையைத் தூக்கினாள். சற்று நேரத்தில் துருப்பிடித்த கொத்து ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். சூட்கேஸ் சாவி, விற்றுப்போன சைக்கிளின் சாவி, எதற்கென்றே தெரியாத ஒன்று. "இதுல இருக்கா பாரு."

"அம்மா, அது கம்ப்யூட்டர்ல இருக்கிற சாவி."

"எங்க இருந்தா என்ன, தேடினா கிடைக்கும். உங்க ரெண்டு பேருக்கும் தேடத் தெரியாது. நின்ன இடத்துல நின்னு இல்ல இல்லம்பீங்க."

சின்னவள் ஆப் கடைக்கு எழுதினாள். சாவி அழிந்துவிட்டது, வேறு சாவி வைக்க அனுமதி வேண்டும், வயதானவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது. அனுப்பிய மறுநொடியே பதில் வந்தது. உங்கள் கோரிக்கை கிடைத்தது, வரிசைப்படி பரிசீலிக்கப்படும், உங்கள் பொறுமைக்கு நன்றி.

"நான் எப்படா பொறுமையா இருந்தேன்?" என்று திரையைக் கேட்டாள்.

அப்போதுதான் மழைக்குருவி எழுதியது வந்தது.

வாசல்மணிக்கு முதன்முதலில் விமர்சனம் எழுதியவள் மழைக்குருவிதான். 'அம்மா இப்போது வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். நான் ரொம்ப நாள் கழித்துக் கதவைச் சாத்திக்கொண்டு தலைக்கு ஊற்றிக் குளித்தேன். நன்றி' என்று எழுதியிருந்தாள். அந்த வரிகளைச் சின்னவள் கடையில் லென்ஸ் தேய்க்கும் யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பலமுறை படித்திருக்கிறாள். இன்று அதே விமர்சனத்தை மழைக்குருவி திருத்தியிருந்தாள்.

'காலையிலிருந்து அம்மாவைக் காணோம். வாசல்மணி வீட்டில் என்று காட்டுகிறது. வீட்டில்தானே என்று மாடி, குளியலறை, கட்டிலுக்கு அடியில் எல்லா இடமும் தேடிவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் பார்த்தேன். இந்த ஆப் செய்தவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள். வீட்டில் எங்கே?'

சின்னவள் கடைசி இரண்டு வார்த்தையை மறுபடி படித்தாள்.

பதில் எழுத ஒரு கட்டம் இருந்தது. 'பச்சையை நம்பாதீர்கள். ஆப் வேலை செய்யவில்லை. உடனே வெளியே போய்த் தேடுங்கள்.' அனுப்பினாள். பதில் சரிபார்க்கப்பட்ட பிறகு வெளியாகும் என்று வந்தது. ஆப் கடையில் வாசல்மணியின் பக்கத்துக்குப் போய், பெரிய எழுத்தில் 'இதை நம்ப வேண்டாம்' என்று போட்டாள். அந்தப் பக்கத்தைப் புதிதாக வருகிறவன்தான் படிப்பான். ஏற்கெனவே போனில் வைத்திருக்கிறவன் எதற்குக் கடைப்பக்கம் வருகிறான்? புதுப் பெயரில் இன்னொரு ஆப் போடலாம்தான். போட்டதை அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? ஒருவருடைய எண்ணும் அவளிடம் இல்லை. அதில்தானே பெருமைப்பட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணிப் பாரேன்" என்றான் பெரியவன், தோளுக்குமேல் எட்டிப் படித்துவிட்டு.

"நம்பர் இல்லண்ணா. ஊர்கூடத் தெரியாது."

"பேரு?"

"மழைக்குருவி."

அவன் அப்பா இருந்த பக்கம் திரும்பினான். "ஊரை அப்புறம் பாரு. அப்பா போனை முதல்ல பாரு. கையில இருக்கிற ஒரு போனுக்குமா சாவி வேணும்?" என்றான்.

வேண்டாம். கையில் இருக்கிற போனில் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றலாம். ஒரே ஒரு போனை அவளால் சரிசெய்ய முடியும். அந்த நாளில் அவளால் முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கக் கை நீட்டியதும் சட்டென்று எழுந்து நின்றார்.

"செக்கிங்கா சார்?"

"ஆமாப்பா."

"கணக்கெல்லாம் சரியா இருக்கும். பாருங்க. பின்னாடி சீட்டுல ஒரு ஆளு மட்டும் இன்னும் எடுக்கல, கேட்டா அடுத்த ஸ்டாப்பிங்ல எடுக்கிறேன்றான்." தானே போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"சரியா இருக்குப்பா. உக்காருங்க."

"இறங்கறவங்க இருக்காங்க சார்" என்றார் அப்பா.

சின்னவள் அதைக் காதில் வாங்கவில்லை. போனை லேப்டாப்பில் சொருகினாள். அம்மா உள்ளறையில் பீரோவைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். பெரியவன் புழக்கடையில் நின்று, லேப்டாப்பைச் சுத்தம் பண்ணிய கடைக்காரனிடம் போனில் மன்றாடிக்கொண்டிருந்தான். "இல்ல தம்பி, குப்பைதான், ஆனா அது குப்பை இல்ல, நான் எப்படிச் சொல்றது…"

பழையது அழிந்தது. புதியது ஏறியது. பச்சை எழுத்தில் 'வீட்டில்' என்று வந்தது. இந்த முறை அது நிஜமான பச்சை. சோதித்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

"அப்பா!" என்று உற்சாகமாகக் கூப்பிட்டாள். "இதைப் பையில போட்டுக்கிட்டு வாசலைத் தாண்டி ஒரு நடை போயிட்டு வாங்க!"

நாற்காலி காலியாக இருந்தது. கதவு திறந்திருந்தது.

கையிலிருந்த போன் 'வீட்டில்' என்றது. அதுவும் பொய் சொல்லவில்லை. போன் வீட்டில்தான் இருந்தது.

பெரியவன் வேனை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போனான். அவள் மறுபக்கம் ஓடினாள். காலில் செருப்பில்லை என்பது பேக்கரி தாண்டியபிறகுதான் உறைத்தது. பேக்கரிக்காரம்மா கடைக்குள்ளிருந்தே, "கண்டக்டரா? டிப்போ பக்கம் போனாரு, நடை என்ன நடை!" என்று கை காட்டினாள். இந்தத் தடவை அவளுக்கும் பிடித்து நிறுத்தத் தோன்றவில்லை.

டிப்போவின் பின்சுவர் ஓரம் ஒரு பஸ் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் அப்பா நின்றிருந்தார்.

"வா வா வா… வரலாம்… வா" என்று குரல் கொடுத்துக்கொண்டே பஸ்ஸின் தகரத்தில் இரண்டு இரண்டாகத் தட்டினார். இரண்டு தட்டு என்றால் போகலாம். டிரைவர் அந்தத் தட்டை நம்பி வந்துகொண்டிருந்தான். பின்னால் தட்டுவது அவனுடைய கண்டக்டர் என்றுதான் அவன் நினைப்பான். தட்டிலும் குறையில்லை. அத்தனை வருஷத்துப் பழக்கம். தான் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"அப்பா!"

"உள்ள தள்ளி நில்லும்மா, வண்டி வருதுல்ல" என்றார், அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஓடிப்போய் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். ஒரு தட்டு என்றால் நில். சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து சாப்பாட்டு மேஜையைத் தட்டி விளையாடியபோது கற்றது. பஸ் குலுங்கி நின்றது. அப்பாவின் முதுகு சுவரில் இருந்தது. முழங்கையும் சட்டையும் உரசிக் கிழிந்திருந்தன.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன்டா அது, இடையில தட்டறது? இன்னும் இடம் இருக்கே!"

டிரைவர் இறங்கி வந்து பார்த்தான். திட்டுவதற்காக வந்தவன் சுவரையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டான். "நான் தட்டைக் கேட்டுத்தான் வந்தேன்" என்றான். "சத்தியமா தட்டைக் கேட்டுத்தான் வந்தேன்."

பெரியவன் வேனைத் திருப்பிக்கொண்டு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டான். அப்பா, கடைசி சீட்டுக்காரன் டிக்கெட் எடுத்தானா என்று ஒருமுறை கேட்டார்.

வீட்டில் அம்மா உள்ளறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பீரோத் துணிகள். மடியில் அப்பாவின் பழைய காக்கிச் சட்டை. அப்பாவின் முழங்கையைப் பார்த்தாள், கிழிந்த சட்டையைப் பார்த்தாள். உள்ளங்கையைத் திறந்து சின்னவளிடம் நீட்டினாள்.

"இதுவாடி நீ தேடினது? இந்தப் பையில கிடந்துச்சு."

வாசல் கதவின் சாவி. அம்மாவே பிடுங்கி ஒளித்தது. எங்கே ஒளித்தோம் என்பதை மறந்து, அந்தச் சட்டையை யாரும் தொட மாட்டார்கள் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இது இல்லம்மா" என்றாள் சின்னவள்.

"குடும்மா இப்படி" என்றான் பெரியவன்.

அம்மா கையை மூடிக்கொண்டாள்.

காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். அப்பா சமர்த்தாகக் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னவள் போனை அவர் பையில் போட்டாள். "இப்ப சரியாயிடுச்சும்மா. இனிமே வாசலைத் தாண்டினா மணி அடிக்கும். நிஜமா அடிக்கும்."

"அடிக்கும்" என்றாள் அம்மா. "அடிச்சா நீ ஓடுவே. நீ ஓடிப் போய்ச் சேர்றதுக்குள்ள?"

"பூட்டக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?"

"நான்தான் சொன்னேன்."

மணி சேதி சொல்லும், ஆளை நிறுத்தாது. இந்த எளிய விஷயம் ஆப் எழுதிய இத்தனை நாளில் அவளுக்கு ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கே புரியவில்லை.

பெரியவனின் போன் அடித்தது. லேப்டாப் கடைக்காரன். பெரியவன் கேட்டுக்கொண்டே சின்னவளைப் பார்த்தான். "பழைய டிஸ்க்கை அழிக்கலையாம். கழட்டிட்டுப் புதுசுதான் போட்டானாம். பழசு மூலையில பெட்டியில கிடக்கும்றான். சாயங்காலம் பழைய சாமான்காரன் வந்து பெட்டியோட அள்ளிட்டுப் போவானாம். அதுக்குள்ள வந்தா தேடிக்கலாம், இருந்தாலும் இருக்கும்றான்."

"உயிரோட இருக்குமா அந்த டிஸ்க்?"

"அதைக் கேட்டா சிரிக்கிறான்."

கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே போனைப் பார்த்தாள். அவள் அனுப்பிய பதில் வெளியாகியிருந்தது. 'பச்சையை நம்பாதீர்கள்' என்ற அந்த வரிகளுக்கு மேலே எதுவும் இல்லை. மழைக்குருவி தன் விமர்சனத்தையே எடுத்துவிட்டாள். பதிலைப் படித்துவிட்டு எடுத்தாளா, படிக்காமலே எடுத்தாளா? அம்மா கிடைத்ததால் இனி இதில் என்ன இருக்கிறது என்று எடுத்தாளா, இல்லை வேறு மாதிரியா? எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு வழியும் இல்லை. எத்தனை வீட்டில் இந்த நேரத்தில் பச்சை எரிந்துகொண்டிருக்கிறது என்பதை அறியவும் வழியில்லை.

வேனில் பெரியவன் ஹாரன் அடித்தான்.

அப்பா அவள் பின்னாலேயே வாசல்வரை வந்துவிட்டார். கட்டுப் போட்ட கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். பஸ்ஸில் கேட்கும் அதே குரல்.

"பக்கத்துலதான்பா. சீக்கிரம் வந்துடறேன்."

"படியில நிக்காதே. உள்ள போய் உக்காரு."

அம்மா அவர் தோளைப் பிடித்து மெல்ல உள்ளே இழுத்தாள். சின்னவள் படியிறங்கித் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் மற்றொரு கை இன்னும் மூடியேதான் இருந்தது.

"அம்மா, வேணாம்மா. நான் வர்றவரைக்கும் பொறு."

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

உள்ளிருந்து மரத்தில் ஒரு தட்டு விழுந்தது. ஒரே ஒரு தட்டு. சின்னவள் நின்றாள்.

பூட்டுக்குள் சாவி திரும்பியது.